சின்ன விமானத்துக்கான எடை

பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவளிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. பெட்டியைத் தூக்கித் தராசில் வைப்பார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், "இவ்வளவா காட்டுது?" என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளும் அதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள்: "தராசு பொய் சொல்லாதுங்க." சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்துபோயிருந்தது. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒருவர் பழைய தையல் மிஷின் ஒன்றைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய செல்போன் அடித்தது. பயண அலுவலகத்துப் பெண். குரலைக் கேட்டதுமே அவளுக்கு உடம்பு அலுத்துப்போனது.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். வர்ற வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லணும். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு. நீங்க மட்டும் போறீங்களா, இல்ல ரெண்டு பேர் பேரையும் எடுத்துடவா?"

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எடுத்ததுதான். சாருக்கு இப்படி ஆயிட்டதுன்னு சொன்னதும் கட்டின பணம் முழுசும் திருப்பித் தர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. அதப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். போறதா இருந்தா மட்டும் சின்ன விமானத்துக்கு உங்க எடையை மறுபடி எழுதித் தரணும். ஏன்னா இப்ப ஒருத்தர்தானே..."

அந்தப் பெண் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண். ஆனால் கடந்த ஏழு மாதங்களில் எத்தனை நல்ல மனிதர்கள் எத்தனை வாக்கியங்களை இப்படிப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவள் எண்ண ஆரம்பித்தால் பொழுது போதாது.

"வெள்ளிக்கிழமை சொல்றேம்மா," என்று போனை வைத்துவிட்டு, "பதினோரு கிலோ நானூறு," என்றாள்.

"இவ்வளவா?" என்றார் தையல் மிஷின்காரர்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் தெரியும். முப்பது வருஷம், மாடிக்கும் மாடிக்கும் நடுவே இருக்கிற அந்த இருட்டுக் கிணற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவர். நாலு பக்கமும் சுவர், மேலே கயிறு, கீழே பள்ளம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிழிந்த பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது ஆப்பிரிக்காவின் புல்வெளிப் படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. இரண்டு பக்கத்துக்கு விரிந்த படம். நடுவே ஒரே ஒரு மரம், அதன் அடியில் புள்ளி புள்ளியாக ஏதோ விலங்குகள். அவர் விலங்குகளைப் பார்க்கவில்லை. "சுவரே இல்ல பாத்தியா?" என்றார் வீட்டுக்கு வந்து. பத்திரிகையையும் கையோடு கொண்டு வந்திருந்தார்.

அன்று பிடித்தது. ஊருக்குப் போவதற்கு மற்றவர்கள் பெட்டி கட்டுவார்கள். இவர் அட்டை போட்டார். லிஃப்ட்டுகளை மாதம் ஒருமுறை சோதித்து எழுதும் அட்டை அது. இடது பக்கம் பொருளின் பெயர், வலது பக்கம் மூன்று கட்டங்கள்: சரி, கவனிக்க, மாற்ற. அந்த அட்டை ஒன்றைக் கொண்டு வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். கயிறு, கதவு, பிரேக் என்று அச்சடித்திருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, தொப்பி, தொலைநோக்கி, சக்கரமில்லாத பை, மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை என்று எழுதினார். மாதம் பிறந்தால் பழைய அட்டையைக் கழற்றிவிட்டுப் புதிய அட்டை. பயணத்துக்கு நாளே குறிக்காத காலத்திலேயே தொப்பி மாதா மாதம் 'சரி' வாங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் 'அவள் முழங்கால்' என்று இருக்கும். அது மட்டும் ஒன்பது வருஷமும் 'கவனிக்க'விலிருந்து நகரவேயில்லை.

"எதுக்கு என் காலு அந்த லிஸ்ட்ல?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"ஜீப்ல ஏறணும் இறங்கணும்ல. ரொம்ப உயரம்."

"'மாற்ற'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல போட்டுடுங்க."

"காலையா, ஆளையா?"

இப்படித்தான் பேசுவார்கள். அவர் அவளை 'தராசு' என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் 'இந்தாம்மா'.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்தப் பயணத்தில் மனசு ஒட்டவே இல்லை. விலங்குகள் என்றால் அவளுக்கு எதிர்வீட்டுப் பூனையே அதிகம். அத்தோடு அந்தச் சின்ன விமானம். பெரிய விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஏறி, புல்தரையில் போய் இறங்க வேண்டும். ஓடுபாதையில் வரிக்குதிரை நின்றால் அதை விரட்டிவிட்டுத்தான் இறங்குவார்களாம். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வாய்விட்டு ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் அவர் தனியாகப் போக மாட்டார், தெரியும். அதனாலேயே அவளுக்குள் ஒரு முள்ளும் இருந்தது: நான் வருவதில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷமா, இல்லை, துணைக்கு ஒரு மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு போகிறாரா? அதையும் கேட்டதில்லை.

ஒத்திகை வேறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுவார். பால்கனியில் இரண்டு நாற்காலி. ஒரு மணி நேரம் பேசக் கூடாது, அசையக் கூடாது. சிங்கம் பக்கத்தில் இருக்கும்போது ஜீப்பில் இருப்பவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். எதிர்வீட்டு மதில்மேல் பூனை வரும் வரைக்கும் அவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார். அவள் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாள்.

"சிங்கம் வந்துச்சா?" என்பாள், கண்ணைத் திறந்து.

"வந்துச்சு. உன் குறட்டையக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

உடுப்பு விஷயத்திலும் வம்பு. கறுப்பும் நீலமும் ஆகாது, அங்கே இருக்கிற ஒரு கடிக்கும் ஈ அந்த நிறங்களைத் தேடி வரும் என்று எங்கோ படித்துவிட்டார். அவளிடம் இருந்ததெல்லாம் நீலம். ஆபீஸ் சீருடையே நீலம். மண் நிறத்தில் இரண்டு சட்டை வாங்கிக் கொடுத்தார். "ஈக்கு நீலம்னா ரொம்பப் பிடிக்குமாம்," என்றார். "என்னை யாருக்காச்சும் பிடிச்சா சரி," என்றாள் அவள்.

போன வருஷம் ஒருவழியாக நாள் குறித்தார்கள். கூட்டம் கூட்டமாக வில்டபீஸ்ட் என்கிற அந்தத் தாடி வைத்த பிராணிகள் ஆற்றைக் கடக்கும் மாதம் அது. மாட்டுக்கும் மானுக்கும் நடுவில் இரண்டும் கெட்டானாக இருக்கும் அவை. எல்லாப் படிவங்களையும் ஒரே வாரத்தில் எழுதி அனுப்பினார். ஐந்து மாதம் கழித்து, பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மெஷின் ரூமில், கையில் துடைக்கிற துணியோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேலையே கையெழுத்துப் போடுவதுதான் என்று ஆகிவிட்டது. ஒரு மனிதர் போனதற்கு இத்தனை படிவமா? வங்கி, ஓய்வூதியம், செல்போன் கம்பெனி, நூலகம். ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் "உறவு?" என்று கேட்பார். "மனைவி" என்று எழுதுவாள். எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோயிருந்தது. குளிர்பெட்டிக் கதவில் மட்டும் கடைசி அட்டை அப்படியே இருந்தது. அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தாள். மூன்று தெரு தள்ளி வீடு. அவருக்கு நாலு வயசு மூத்த அக்கா. வரும்போதே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"உன் பையன் போன் பண்ணான். நீ அந்த ஊருக்குப் போறதப் பத்தி இன்னும் யோசிச்சிட்டு இருக்கியாமே?"

"யோசிக்கவெல்லாம் இல்ல அண்ணி. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும், அவ்வளவுதான்."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? தனியா ஒரு பொம்பளை, சிங்கம் புலியெல்லாம் திரியற எடத்துல..."

"அங்க புலி இல்ல அண்ணி."

"பாத்தியா! அப்ப போறதுன்னு முடிவு பண்ணிட்டே."

"புலி இல்லன்னா போறேன்னு அர்த்தமா?"

"நாலு பேரு என்ன பேசுவாங்க? புருஷன் போயி ஏழு மாசம் ஆகல, அதுக்குள்ள யானை பாக்கக் கெளம்பிட்டான்னு சொல்ல மாட்டாங்க?"

"அந்த நாலு பேரு யாருன்னு சொல்லுங்க அண்ணி, ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போகச் சொல்றேன். இந்த ஏழு மாசத்துல உங்களத் தவிர ஒரு ஈ, காக்கா வரல."

நாத்தனார் நாற்காலியில் தொங்கிய தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விளிம்பு அகலமாக, கழுத்துக்கும் நிழல் விழுகிற மாதிரியான தொப்பி. அதன் நாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"சின்ன வயசுல அவன் அலமாரிக்குள்ள போயி ஒளிஞ்சிட்டு, கதவத் தெறக்கத் தெரியாம கத்துவான்," என்றாள். "அந்தப் பய போயும் போயும் லிஃப்ட் வேலைக்குப் போனான் பாரு." பிறகு, "நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று எழுந்துவிட்டாள். தேநீரைப் பாதி குடித்திருந்தாள்.

மகனும் அன்றே பேசினான். வேறு ஊரில் வேலை, நல்ல பிள்ளை. "அம்மா, அப்பா இருந்திருந்தா அது வேற. ரத்து பண்ணிடுங்க. அடுத்த வருஷம் நாம எல்லாரும் எங்கயாச்சும் கடல் பக்கமா போகலாம்."

"சரிப்பா."

"சரின்னா, என்ன சரி?"

"கடல் சரி."

"அம்மா, நீங்க சரியா தூங்குறீங்களா?"

"படுத்தா தூக்கம் வருதுப்பா. எழுந்தாலும் தூக்கம் வருது. அதான் பிரச்சினை."

ஆக, புதன்கிழமை காலையில் ரத்து செய்துவிடுவது என்று ஆகிவிட்டது. முடிவு எடுத்தாள் என்று சொல்ல முடியாது; எடுக்கிற சக்தி இருந்தால் வேறு மாதிரி எடுத்திருப்பாளோ என்னவோ. பயண அலுவலகத்துக்குப் பேசினாள்.

"சரி மேடம்," என்றாள் அந்தப் பெண். ஏமாற்றம் இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "ரத்துப் படிவம் அனுப்புறேன். அதோட சார் எழுதிக் கொடுத்த பழைய படிவத்தோட நகலும் வரும். ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

"சரிம்மா. அவரால உனக்கு ரொம்பத் தொந்தரவு இல்ல?"

"அப்படிச் சொல்லாதீங்க. எடை படிவமெல்லாம் எல்லாரும் கடைசி வாரத்துலதான் தருவாங்க, அதுவும் நாலு தடவை கேட்டப்புறம். சார் ஒரு வருஷம் முன்னாடியே கொடுத்துட்டாரு. வாரா வாரம் புதன்கிழமை பத்து மணிக்குப் போன் வரும். இப்பவும் புதன்கிழமை பத்து மணிக்குப் போன் அடிச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஆகி மூன்று நிமிஷம்.

"கடைசியா என்ன கேட்டாரு?"

"கூடாரத்துல ராத்திரி வெந்நீர்ப் பை தருவாங்களான்னு. உங்களுக்குப் பாதம் சில்லுன்னு ஆயிடுமாம். தருவாங்கன்னு சொன்னேன். 'எத்தனை?'ன்னு கேட்டாரு."

வியாழக்கிழமை படிவங்கள் வந்தன. அவளுக்குப் பக்கத்து மேஜையில் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயசு, மணிக்கட்டில் எப்போதும் வளையல் மாதிரி ஒட்டுநாடாச் சுருள் தொங்கும், அதனால் அவர் பெயர் டேப். அவர்தான் அதை அச்செடுத்துக் கொண்டு வந்தார். வருகிற வழியிலேயே படித்தும் விட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க, கண்ணுல பட்டுடுச்சு. மாமா தொண்ணூறு கிலோவா?"

"யாரு சொன்னா?"

"இதுல எழுதியிருக்கு. நம்ம சரக்கு லிஃப்ட்டை ரிப்பேர் பண்ண வந்தப்ப அந்தச் சின்ன ஓட்டைக்குள்ள பூந்து போனாரே. தொண்ணூறு கிலோ எப்படிப் பூந்திருக்கும்?"

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவர் கையெழுத்துத்தான், கட்டம் கட்டமாக அச்சு மாதிரி. பயணி ஒன்று: தொண்ணூறு கிலோ. பயணி இரண்டு: ஐம்பத்தெட்டு கிலோ.

அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எடை தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்தால் அவளுக்கு வரும் அதே ஆபீஸ் எரிச்சல். அவர் தொண்ணூறு இல்லை. கம்பெனியில் வருஷா வருஷம் பரிசோதனை செய்வார்கள், எண்பத்தொன்று. இருபது வருஷமாக எண்பத்தொன்று. பெல்ட்டில் ஒரே ஓட்டை என்று பெருமை அடிப்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுத்த தாளிலும் எண்பத்தொன்றுதான். அவள் எத்தனை மேஜையில் அந்தத் தாளை நீட்டியிருக்கிறாள், மறக்குமா?

அதுவும் மற்ற யாராவது என்றால் கைத்தவறு என்று விட்டுவிடலாம். லிஃப்ட் மெக்கானிக் எடையில் தப்புப் பண்ண மாட்டார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்டுக்குள் பதித்திருக்கிற தகட்டை முதலில் படிப்பவர் அவர். இத்தனை பேர், இத்தனை கிலோ. "ஆள் யாரா இருந்தாலும் கயிறுக்கு மொத்தம்தான் கணக்கு," என்பார்.

பிறகுதான் பயணி இரண்டைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு.

அது அவள் சொன்ன பொய். கல்யாணத்தின்போது அவள் ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு ஏதோ ஒரு காப்பீட்டுத் தாளை நிரப்பும்போது அவர், "தராசு, உன் எடை என்ன?" என்று அடுக்களையைப் பார்த்துக் கேட்டார். அவளும் அங்கிருந்தே "அம்பத்தெட்டு" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. நாள் முழுக்க எடை போடுகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதற்கப்புறம் எந்தத் தாளில் கேட்டாலும் ஐம்பத்தெட்டு. ஆபீஸ் தராசில் ஒரு நாளும் ஏறி நின்றதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் முழங்கால் டாக்டர் ஏற்றிப் பார்த்துவிட்டு அறுபத்தேழு என்று எழுதினார். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டு போகாமல் இதே மேஜையில், பழைய லேபிள் கட்டுக்கு அடியில் வைத்தாள்.

இழுப்பறையைத் திறந்தாள். சீட்டு இருந்தது. ஒரு லேபிளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள். தொண்ணூறும் ஐம்பத்தெட்டும் நூற்று நாற்பத்தெட்டு. எண்பத்தொன்றும் அறுபத்தேழும் நூற்று நாற்பத்தெட்டு.

"அக்கா, வரிசை நிக்குது," என்றார் டேப்.

"நிக்கட்டும்."

நூற்று நாற்பத்தெட்டு. இந்த எண்ணை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். பச்சை நிறத்தில், ஒளிர்ந்துகொண்டு.

போன வருஷம், படிவம் எழுதியதற்கு முந்தின மாதம். புதிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டை ஒப்படைக்கிற நாள். ஆட்கள் குடிவருவதற்கு முன்னால் உச்சி மாடியிலிருந்து ஊரைக் காட்டுகிறேன் என்று அவளைக் கூட்டிப் போனார். கருவிப் பையையும் அவளுடைய கைப்பையையும் காவலாளியிடம் வைத்துவிட்டு ஏறினார்கள். அன்றைக்குத்தான் லிஃப்ட்டின் எடைமானியைச் சரிபார்த்து முடித்திருந்தார். கதவு மூடியதும் பொத்தான் பலகைக்குக் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே பச்சை எழுத்தில் 148 என்று எரிந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அதைப் பார்த்தார்.

"அது என்ன நம்பர்?" என்றாள் அவள்.

"லிஃப்ட்டோட நம்பர்," என்று மூடியைச் சாத்திவிட்டார். மாடி போய்ச் சேருகிற வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ வேலை நன்றாக முடிந்த சந்தோஷம் என்று அவள் நினைத்தாள்.

அங்கேயே தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. தன் எண்பத்தொன்றைக் கழித்திருக்கிறார். அத்தோடு விட்டுவிட்டார். படிவம் எழுதும்போது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தராசு, எடை?" என்று கேட்டார். "அம்பத்தெட்டு," என்றாள். "ம்," என்று எழுதிக்கொண்டார். பறக்கப் போகிற வண்டிக்கு மொத்தம் தப்பக் கூடாது. அவள் முகமும் சுண்டக் கூடாது. மிச்ச ஒன்பதைத் தன் பெயரில் ஏற்றிக்கொண்டார்.

அவள் அழவில்லை. ஏழு மாதத்தில் அழுகையும் ஒரு வேலை மாதிரி ஆகி அலுத்துப்போயிருந்தது. லேபிளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் ஒரு கூடையைத் தராசில் வைத்தாள். "இவ்வளவா?" என்றாள்.

முதல்முறையாக அவள் அந்தப் பழைய பதிலைச் சொல்லவில்லை. "அவ்வளவுதாங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு காகிதங்களையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ரத்துப் படிவத்தில் ஒரு கையெழுத்து, பழைய நகலில் ஒரு கையெழுத்து, முடிந்தது. அவர் தொண்ணூறு கிலோ என்று ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு கோப்பில் அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக இருக்கும். எடை போடுகிறவள். போடலாம். எத்தனையோ போட்டாயிற்று. ஆனால் பேனாவை எடுக்கக் கை வரவில்லை. துணைக்கு மூட்டையா என்று ஒன்பது வருஷமாக உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவளை, ஒரு கிலோ விடாமல் கணக்கில் சேர்த்து, பாதத்துக்கு வெந்நீர்ப் பை வரை சொல்லிவைத்து, அந்தச் சின்ன விமானத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் மனுஷன் போயிருக்கிறார். இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதா?

விமான பயம் அப்படியே இருந்தது. எழுந்து குளிர்பெட்டிக் கதவுக்குப் போனாள். கடைசி அட்டையில் கடைசி வரியைப் பார்த்தாள். முழங்காலை மடக்கி நீட்டினாள். வலித்தது. 'கவனிக்க' சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம். நாலு இருபதுக்குத்தான் ஓய்ந்தது. தரையோடு பதித்த பெரிய தராசின் மேலிருந்து கடைசிப் பெட்டியை டேப் இழுத்துக்கொண்டு போனதும், அவள் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"இருபத்திரண்டு வருஷமா நானும் பாக்குறேன், அந்தத் தராசு மேல நீங்க கால் வச்சதில்லை. தொடைக்கும்போதுகூடச் சுத்திப் போயித்தான் தொடைப்பீங்க."

"இன்னிக்கு வைக்கிறேன். வாயை மூடிட்டு நம்பரைப் படி."

டேப் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்தார். எண் கொஞ்சம் ஆடி நின்றது.

"அறுபத்தொண்ணு இருநூறு."

அவள் நம்பவில்லை. இறங்கி, பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினாள். அதே அறுபத்தொன்று இருநூறு. அறுபத்தேழில் ஆறு கிலோவைக் காணோம். இந்த ஏழு மாதத்தில் தட்டில் போட்டுத் திருப்பி எடுத்து வைத்த சாப்பாடெல்லாம் அங்கே போயிருந்தது. பொய்யை நிஜமாக்க இன்னும் மூன்று கிலோதான் பாக்கி.

"கொறஞ்சிட்டீங்கக்கா," என்றார் டேப், மெதுவாக.

"ம்."

"சாப்பிடுங்க."

"சாப்பிடணும். ஜீப் ரொம்ப உயரமாம்."

அவர் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஒட்டுநாடாச் சுருளை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். "போற பையை மட்டும் எங்கிட்ட கொடுத்துடாதீங்க, ஜிப்பு தெரியாத அளவுக்கு ஒட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தராசின் மேல் நின்றபடியே போன் செய்தாள்.

"மேடம், படிவம் இன்னும் வரலையே. கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"போடல. அது வேணாம்மா. நான் போறேன்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "தனியாவா?"

"தனியாத்தான். பழைய படிவத்தைக் கிழிச்சுடு. அதுல ரெண்டு எடையும் தப்பு."

"தப்பா? சார் எழுதினதாச்சே."

"மொத்தம் சரி. பிரிச்சதுதான் தப்பு. அவரு எண்பத்தொண்ணுதான். என் எடையை நான் பொய் சொல்லிட்டேன், அதையும் அவரு தூக்கிக்கிட்டாரு. இனிமே அவரு பேர்ல என் எடை ஒண்ணும் இருக்கக் கூடாது. புதுசா எழுதிக்கோ."

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ, மேலே கேட்கவில்லை. "சொல்லுங்க மேடம். பை பதினஞ்சு கிலோவுக்குள்ள. உங்க எடை?"

"பையை நான் பாத்துக்கறேன், அது என் தொழில். என் எடை அறுபத்தொண்ணு இருநூறு."

"முழு எண்ணே போதும் மேடம். அறுபத்தொண்ணுன்னு போட்டுக்கறேன்."

"இல்லம்மா," என்றாள் அவள். "அந்த இருநூறையும் போட்டுக்கோ."

வாசலில் யாரோ ஒரு பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அவள் தராசிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.